கறுப்பு நோட்டில் ஒரு மதகு

மழைக்கு முந்திய பருவத்துக்கு ஒரு தயக்கம் உண்டு. வெயில் விடைபெற்றுக்கொண்டும் வாசற்படியைவிட்டு நகராது. மேகம் வந்துசேர்ந்தும் உள்ளே அடி வைக்காது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட வானம், சாம்பலுமன்றி நீலமுமன்றி, துவைத்துப் பிழியாமல் விட்ட துணிபோல் ஊரின்மேல் கனத்துத் தொங்கும். காற்று கிழக்கிலிருந்து புறப்படும். பாதித் தெரு வந்ததும் எதையோ மறந்துவிட்டாற்போல் நின்றுவிடும். மரங்கள் இலையசைக்காமல் காதுகொடுத்து நிற்கும். கதவுத் தாழ், மேசை விளிம்பு, புத்தகத்தின் அட்டை என்று தொட்ட பொருளிலெல்லாம் ஒரு பிசுபிசுப்பு இருக்கும். பறவைகள் பகலிலேயே கூடு திரும்பி, திரும்பியது சரிதானா என்று தெரியாமல் மீண்டும் வெளியே எட்டிப் பார்க்கும். படைத்தவன் ஒரு சொல்லை நாவில் எடுத்துவைத்துக்கொண்டு இன்னும் சொல்லாதிருக்கும் காலம் அது. கேட்பதற்கென்று படைக்கப்பட்ட யாவும் மூச்சடக்கிக் காத்திருக்கும்.

அத்தகைய ஒரு காலையில், சட்டமன்றத்தின் எதிர்க்கட்சிப் பக்கத்து மூன்றாம் வரிசையில், போதகர் அமர்ந்திருந்தார். அவரைப் போதகர் என்று சொல்வதா, உறுப்பினர் என்று சொல்வதா என்பது பிறருக்கு விளங்காதது ஒருபுறமிருக்க, அவருக்கே விளங்காத காரியமாக இருந்தது.

முப்பத்தொரு ஆண்டுகள் ஒரே திருச்சபையில் ஊழியம் செய்தவர். அந்த ஊரில் பாதிப் பேருக்கு அவர் நெற்றியில் தண்ணீர் தெளித்திருக்கிறார். மீதிப் பேரின் பெற்றோருக்கு மண் போட்டிருக்கிறார். ஐந்து ஆண்டுகளுக்குமுன் ஆறு பெருகிக் கீழ்த்தெருவுக்குள் புகுந்தபோது, ஆலயத்தின் பெஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அறுபது குடும்பங்களைப் பதினெட்டு நாள் உள்ளே வைத்திருந்தார். அந்தக் குடும்பங்கள்தான் பின்பு தேர்தல் வந்தபோது அவர் வீட்டு வாசலில் வந்து நின்றன. "நீங்க நிக்கணும்யா. நீங்க நின்னாத்தான் எங்க பேச்சு மேல போகும்" என்றன. அவர் மூன்று நாள் உபவாசமிருந்து யோசித்தார். பேராயர் யோசிக்காமலே விடுப்புக் கொடுத்தார். வெள்ளை அங்கி அலமாரிக்குள் போயிற்று. அவர் மன்றத்துக்குள் போனார்.

போனாரே ஒழிய, முழுதாகப் போய்ச் சேரவில்லை. கன்னிப்பேச்சை மூன்று தலைப்புகளாகப் பிரித்துப் பேசி, முடிக்கையில் பழக்கத்தின் வேகத்தில் இரு கைகளையும் உயர்த்திவிட்டார். ஆளுங்கட்சி வரிசையில் இரண்டு பேர் தலை குனிந்தே விட்டார்கள். அவைத்தலைவர் மணியடித்தால் ஆராதனை மணியென்று எழுந்து நின்றுவிடுவார். இதற்கு மாறாக, எப்போதாவது பழைய ஆலயத்தில் ஜெபிக்க அழைத்தால், "மாண்புமிகு" என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொள்வார். "இங்க இருந்தா அங்க, அங்க இருந்தா இங்க. உங்களைப் பாதி பாதியா வச்சு நான் எப்படிங்க குடும்பம் நடத்துறது?" என்பார் மனைவி.

வீட்டின் முன்னறைதான் அலுவலகம். ஒரு மேசை, பழைய ஆலயத்திலிருந்து கழித்துவிட்ட ஒரு பெஞ்சு, மேசைமேல் இரண்டு நோட்டுகள். கறுப்பு நோட்டு, ஊழியம் தொடங்கிய நாள்முதல் அவர் வைத்திருக்கும் ஜெபக் குறிப்பின் தொடர்ச்சி. நோட்டு தீர்ந்தால் அதேபோல் இன்னொன்று வாங்கிக்கொள்வார். சிவப்பு நோட்டு, உறுப்பினர் ஆனபின் வாங்கியது, மனுக்களுக்கு உரியது. கறுப்பில் எழுதியதை விடியலில் முழங்காலில் நின்று வாசிப்பார். சிவப்பில் எழுதியதைச் செயலாளர் கடிதமாக்கித் துறைகளுக்கு அனுப்புவார்.

செயலாளர் நீதிமன்றத்தில் முத்திரை குத்தும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். ஊர் அவரை 'முத்திரை' என்றே அழைக்கும். முத்திரை குத்தாத காகிதம் காகிதமே அல்ல என்பது அவருடைய விசுவாசப் பிரமாணம்.

எந்த ஆள் எந்த நோட்டுக்கு என்பதற்குப் போதகர் தொடக்கத்திலேயே ஒரு விதி வகுத்திருந்தார். காகிதத்தோடு வந்தவர் சிவப்பு. கண்ணீரோடு வந்தவர் கறுப்பு. விதி நல்ல விதிதான். ஒரே ஒருமுறை பிசகியது. ஒரு மாமியார் தன் மனக்குறையை நான்கு பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்து நீட்ட, அது சிவப்பில் ஏறி, முத்திரை வாங்கி, சமூகநலத் துறைக்குப் போய்விட்டது. "தங்கள் மனுவில் கண்ட மருமகளின் மனமாற்றம் என்னும் பொருள் இத்துறையின் வரம்புக்குள் வராது எனப் பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது" என்று பதில் வந்தது. முத்திரையும் போதகரும் அதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிசகு மறுபக்கமும் நேரக்கூடும் என்று இருவருக்கும் அன்று தோன்றவில்லை.

அன்று காலை கேள்வி நேரம். தாழ்வான பகுதிகளின் வடிகால் பற்றிய கேள்விக்குப் பொதுப்பணி அமைச்சர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தொகுதியாக வாசித்துவந்தவர், போதகரின் தொகுதிக்கு வந்ததும், "இத்தொகுதியின் கீழ்த்தெரு மதகு பற்றி இதுநாள்வரை எந்தக் குறையும் எமது துறைக்கு வரவில்லை" என்றார்.

கீழ்த்தெருவின் கோடியில், தெருவின் வடிகால் ஆற்றோடு சேரும் இடத்தில் இருந்தது அந்த மதகு. ஓர் இரும்புக் கதவு. அதைத் தூக்கி இறக்க ஒரு திருகுத்தண்டு. கதவைத் தூக்கினால் தெருவின் தண்ணீர் ஆற்றுக்குப் போகும். தூக்காவிட்டால் தெருவிலேயே நிற்கும். ஐந்து ஆண்டுகளுக்குமுன் அது எழவில்லை. இப்போதும் தண்டு வளைந்து, மூடியபடியே இறுகிப்போயிருந்தது. இது போதகருக்குத் தன் பெயரைப்போல் தெரியும். இன்று விடியலில்கூட அதைச் சொல்லி மன்றாடியிருக்கிறார்.

அவர் எழுந்துவிட்டார்.

"வரவில்லையா? தொண்ணூற்று மூன்று நாளாக நான் முறையிட்டு வருகிறேன்! ஒரு நாள் தவறாமல்! முழு மனதோடு!"

குரல் உண்மையின் குரலாக இருந்தது. அமைச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரிடம் முறையிட்டீர்கள் என்று உறுப்பினர் சொல்லலாமா?"

போதகர் வாய் திறப்பதற்குள் பின்வரிசை பொங்கியது. "உங்ககிட்டதான்! வேற யார்கிட்ட முறையிடுவாங்க?" "கடிதத்த ஒளிச்சு வச்சுட்டுக் கேள்வியப் பாரு!" மேசை தட்டும் ஒலியில் கூரை அதிர்ந்தது. நெருக்கடிக்குள்ளான அமைச்சர், துறையினரோடு குனிந்து பேசிவிட்டு நிமிர்ந்தார். உறுப்பினரின் கடிதங்கள் மறைக்கப்பட்டிருந்தால் அது பெருங்குற்றம் என்றும், அப்பகுதிப் பொறியாளர் இந்நேரமுதல் பணியிடைநீக்கம் செய்யப்படுகிறார் என்றும், விசாரணை முடியும்வரை மதகை எவரும் தொடலாகாது என்றும் அறிவித்தார்.

போதகர் உட்கார்ந்தார். தேதியைச் சொல்வோம் என்று பைக்குள் கைவிட்டுச் சிவப்பு நோட்டை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். மதகு இல்லை. மறுபடி புரட்டினார். பின்பு, கை தானாகவே பைக்குள் போய் மற்ற நோட்டை எடுத்தது.

இருந்தது. அவர் கையெழுத்துதான். 'கீழ்த்தெரு மதகு. தண்டு வளைந்தது. திறந்தருளும் ஆண்டவரே.' அந்த வரியின் கீழே, விடியலுக்கு ஒன்றாகப் பென்சிலால் வைத்த சின்னஞ்சிறு புள்ளிகள், எறும்புச் சாரைபோல் நீண்டிருந்தன. எண்ணவேண்டிய தேவையில்லை.

யாரிடம் முறையிட்டார் என்பதை உலகத்திலேயே அவர் ஒருவர்தான் அப்போது அறிந்திருந்தார்.

தாழ்வாரத்தில் கட்சிக் கொறடா அவரை இரு தோளும் பற்றிக் குலுக்கினார். "ஐயா! கலக்கிட்டீங்க! முழு மனதோடுன்னு ஒரு போடு போட்டீங்க பாருங்க, அமைச்சருக்கு வேர்த்துக் கொட்டிருச்சு!"

"கடிதம் போகலை" என்றார் போதகர்.

"என்னது?"

"நான் எழுதவே இல்லை. ஜெபக் குறிப்புல எழுதிட்டேன்."

கொறடா அவரை ஒருகணம் உற்றுப் பார்த்தார். பின்பு சுற்றுமுற்றும் பார்த்தார். பின்பு அவரை ஒரு தூணின் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"இத என்னைத் தவிர யார்கிட்ட சொன்னீங்க?"

"ஆண்டவர்கிட்டகூட இன்னும் சொல்லலை."

"நல்லது. அவருக்கும் தெரிய வேணாம். மூணு மாசம் முன்னாடி தேதி போட்டு ஒரு கடிதம் எழுதுங்க. உங்க முத்திரை சும்மாதானே உக்காந்திருக்கார், குத்தச் சொல்லுங்க. பொதுப்பணி ஆபீஸ்ல நமக்கு வேண்டியவர் ஒருத்தர் இருக்கார், பழைய தபால் கட்டுல சொருகிடுவார். முடிஞ்சது கதை."

"அந்த என்ஜினியர்?"

"ரெண்டு மாசம் வீட்ல இருப்பாரு. பிள்ளைங்களோட விளையாடுவாரு. திரும்ப வந்துடுவாரு."

"மதகு?"

"விசாரணை முடியட்டும்யா. மதகு எங்க ஓடியா போகுது?"

மதகு ஓடாது. ஆனால் நாளை மறுநாள் பெருமழை என்று காலையில்தான் வானொலியில் சொன்னார்கள். போதகர் தலையாட்டினாரா இல்லையா என்பது அவருக்கே நினைவில்லை. ஆட்டினார் என்று எடுத்துக்கொண்டு கொறடா போய்விட்டார்.

பிற்பகலில் அவர் கீழ்த்தெருவுக்குப் போனார். தெரு ஒரு கிண்ணத்தின் அடிபோல் இறங்கியிருந்தது. சுவர்களில் இடுப்புயரத்துக்கு, பழைய வெள்ளம் வரைந்த பழுப்புக் கோடு, எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் தெரிந்துகொண்டிருந்தது. கோடியில் பம்ப் அறை. மசகெண்ணெய் வாசனை, சுவரில் வரிசையாக மாட்டிய திருகுசாவிகள். பழைய துணிப் பந்து ஒன்றால் கை துடைத்தபடி பம்ப் ஆபரேட்டர் வெளியே வந்தார். ஐம்பது வயது. மூன்று மாதத்துக்குமுன் ஒரு செவ்வாய்க்கிழமை, போதகரின் பெஞ்சில் உட்கார்ந்து மதகைப் பற்றிச் சொன்னவர் அவர்தான். கையில் காகிதம் இல்லை. சொல்லும்போதே அழுதுவிட்டார்.

மதகின் சக்கரத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி, அரக்கு வைத்துப் பூட்டியிருந்தது.

"வாங்கய்யா. மத்தியானமே வந்து சீல் வச்சுட்டாங்க" என்றார் ஆபரேட்டர். "என்ஜினியர் சார வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாமே? அவரு நல்ல மனுஷன்யா. இது எங்க நகராட்சிக் கணக்குல வராது, பொதுப்பணிக்காரங்க மதகு. உறுப்பினர் ஒரு வரி எழுதினாப் போதும், மறுநாளே ஆள் அனுப்பறேன்னு அவர்தான் சொன்னாரு. வாரத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவாரு. 'என்னப்பா, உங்க ஐயா எழுதினாரா?'ன்னு. 'எழுதியிருப்பாரு சார், எங்க ஐயா சொன்னா சொன்னதுதான்'னு நானும் சொல்லிட்டே இருந்தேன். கடிதத்த நடுவுல எவன் அமுக்கினான்னுதான் தெரியலை."

"நான்தான்பா" என்றார் போதகர்.

ஆபரேட்டருக்குப் புரியவில்லை. போதகர் கறுப்பு நோட்டைத் திறந்து நீட்டினார். ஆபரேட்டர் கையை இன்னொருமுறை துடைத்துக்கொண்டு, தொடாமலே குனிந்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். புள்ளிகளைப் பார்த்தார்.

"இது என்னய்யா, கொசு உக்காந்த மாதிரி?"

"ஒவ்வொரு நாளும் ஜெபிச்சதுக்கு ஒரு புள்ளி."

"இத்தனை நாளா?"

"இத்தனை நாளும்."

ஆபரேட்டர் நிமிர்ந்தார். கோபப்பட விரும்பியவர்போலவும், கோபம் எந்தப் பையில் இருக்கிறதென்று தெரியாதவர்போலவும் நின்றார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ஜெபம்தான் வேணும்னா நான் ஞாயித்துக்கிழமை கோயிலுக்கே வந்திருப்பேனே? அதுக்கு எதுக்குய்யா செவ்வாய்க்கிழமை லீவு போட்டுட்டு உங்க வாசல்ல ரெண்டு மணி நேரம் நிக்கணும்?"

"நீ அழுதியேப்பா."

"ஆமா, அழுதேன். மதகுன்னு சொன்னாலே எனக்கு அழுகை வரும். என் வீட்டுக்காரி போனது இந்தத் தண்ணியிலதான்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானேய்யா அவள அடக்கம் பண்ணீங்க?" துணிப் பந்தை அவர் ஜன்னல் கம்பியில் செருகினார். "அழுகை அழுகைய்யா. மதகு மதகு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டீங்களே."

"உக்காருங்க" என்று ஆபரேட்டர் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டார். போதகர் உட்கார்ந்தார். இறுகிய மதகுக்கு இப்பால் வடிகால் தண்ணீர் இரண்டு முழம் நின்றது. அதில் வானம் அசையாமல் கிடந்தது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின்னும் மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஏங்க, முப்பத்தொரு வருஷம் 'பாவத்த அறிக்கை பண்ணுங்க, பண்ணுங்க'ன்னு மேடையில நின்னு ஊரையே அழ வச்சீங்கல்ல? இப்ப உங்க முறை வந்திருக்கு. அவ்வளவுதானே?"

"அது அவ்வளவு லேசு இல்லைம்மா. போதகரா நின்னு சொன்னா அறிக்கை. உறுப்பினரா நின்னு சொன்னாக் கட்சிக்கு துரோகம். நான் யாரா நின்னு சொல்றது?"

"வேட்டி சட்டையில நின்னு சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. "தொண்ணூத்து மூணு நாள் ஜெபிச்சது வீணாம்மா? பதிலே வரலியே. அதான் எனக்குப் புரியலை."

"பதில் எப்படி வரும்? 'அட மனுஷா, இதுக்குத்தானேடா உன்னை அங்க அனுப்பி வச்சேன்'னு அவரும் முதல் நாள்ல இருந்து சொல்லிப் பார்த்திருப்பாரு. நீங்க வாய மூடினாத்தானே அவரு பேசறதுக்கு?" மடித்த துணியை அவர் மடியில் வைத்தார். "இந்தாங்க, நாளைக்குப் போட்டுக்க வேண்டிய சட்டை."

மறுநாள் விடியலில் அவர் முழங்காலில் நின்றார். நோட்டைத் திறந்தார். மற்ற வரிகளை வாசிக்க முடிந்தது: முழங்கால் வலியுள்ள மூதாட்டி, வேலை தேடும் தச்சர், இன்னும் மனம் மாறாத மருமகள். மதகின் வரி வந்ததும் நா எழவில்லை. எதைக் கேட்பது? தன்னிடம் கொடுத்து வைத்ததையே திரும்பத் திரும்பக் கேட்டவனுக்குக் கேட்க என்ன மிச்சம்? தொண்ணூற்று நான்காவது புள்ளியை வைக்காமலே எழுந்தார்.

அவை கூடியதும் தன்னிலை விளக்கம் தர அனுமதி கேட்டார். கொறடா முகமலர்ச்சியோடு திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். கடிதம் தயார் என்று எண்ணிக்கொண்டார் போலும்.

"அவைத்தலைவர் அவர்களே" என்று தொடங்கினார் போதகர். "நேற்று நான் தொண்ணூற்று மூன்று நாள் முறையிட்டதாகச் சொன்னேன். அது பொய்யன்று. யாரிடம் என்று அமைச்சர் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் இது: நான் அமைச்சரிடம் முறையிடவில்லை. கடவுளிடம் முறையிட்டேன். மனுக்களுக்கு ஒரு நோட்டும் ஜெபத்துக்கு ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். மதகு நோட்டு மாறிவிட்டது. மாற்றி எழுதிய கை என்னுடையது. பொறியாளர் என் கடிதத்துக்காக மூன்று மாதம் காத்திருந்தவர். அவர்மீது குற்றமில்லை. என் அறியாமையால் அவர் வீட்டில் உட்கார வேண்டாம். நாளை மழை வருகிறது. தயைகூர்ந்து அந்த அரக்கை உடைக்கச் சொல்லுங்கள்."

முதலில் ஒரு சிரிப்பு ஓரத்தில் வெடித்தது. அது அவை முழுதும் பரவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்பு எங்கே போவதென்று தெரியாமல் தானாகவே அடங்கிற்று. பின்வரிசையில் யாரோ, "சாமியாரக் கூட்டிட்டு வந்தா இதான்" என்று முணுமுணுத்தார். கொறடா தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

அமைச்சர் எழுந்தார். அவர் முகத்தில் வெற்றிக்குரிய களை இருந்திருக்கவேண்டும். ஆனால் ஏனோ அது சரியாகப் பொருந்தி உட்காரவில்லை.

"மாண்புமிகு உறுப்பினர் எனக்கும் மேலே உள்ளவரிடம் மனுக் கொடுத்திருக்கிறார். அங்கிருந்து என் மேசைக்கு இன்றுதான் இறங்கி வந்திருக்கிறது என்று கொள்கிறேன்" என்றார். மீண்டும் சிரிப்பு. "பொறியாளர் மீதான ஆணை திரும்பப் பெறப்படுகிறது. மதகு வேலைக்கு எனக்கு எழுத்தில் ஒரு மனு வேண்டும். உறுப்பினர் அந்த நோட்டுப் பக்கத்தையே கிழித்துக் கொடுத்தாலும் சரி."

அது கேலியா, கருணையா என்று போதகருக்குப் பிடிபடவில்லை. நோட்டைத் திறந்தார். கிழிக்கப்போன கை நின்றது. அந்தப் பக்கத்தில் மருமகள் இருந்தாள், தச்சர் இருந்தார், அவர்கள் யாரும் அரசாங்கத்துக்குச் சொன்னவர்கள் அல்லர். ஆகவே ஒரு வெள்ளைத் தாளில் மதகின் வரியை மட்டும் பெயர்த்தெழுதினார். 'திறந்தருளும்' என்பதை அடித்துவிட்டு, 'திறக்க ஆவன செய்யும்படி வேண்டுகிறேன்' என்று எழுதினார். வெளியே காத்திருந்த செயலாளர், வாழ்நாளெல்லாம் இந்தக் கணத்துக்காகவே மையொற்றியைச் சுமந்தவர்போல், முத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் குத்தினார்.

"இனிமே கேள்வி நேரத்துல உங்க பேரு வராதுய்யா" என்றார் கொறடா, படியிறங்கும்போது. கோபத்தைவிட ஆயாசமே அதில் மிகுந்திருந்தது. "நீங்க என்ன ஆளுன்னே எனக்குப் புரியலை."

"எனக்கும்தான்" என்றார் போதகர். உள்ளபடியே சொன்னார்.

பொறியாளர் மூன்று மணிக்கெல்லாம் ஆறு பேரோடு வந்துவிட்டார். நாடாவை வெட்டி அரக்கை உடைத்தார்கள். வளைந்த தண்டைக் கழற்ற நேரமில்லை. மரச்சட்டங்களை நாட்டி, சங்கிலிக் கப்பி மாட்டி, கதவை நேராகவே தூக்குவதென்று தீர்மானித்தார்கள். பம்ப் ஆபரேட்டர் சங்கிலியைப் பிடித்தார். போதகர் கரையோரம் நின்றார். உதவப் போனால் இடைஞ்சல், போகாவிட்டால் வேடிக்கை. இரண்டுக்கும் நடுவில் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடிதம் கிடைச்சுது சார்" என்றார் பொறியாளர், அவரைக் கடக்கையில். போதகர் மன்னிப்புக் கேட்க எடுத்த வாக்கியம், எடுத்த இடத்திலேயே நின்றுவிட்டது.

நாளைக்கென்று சொன்ன மழை இன்று மாலையே தொடங்கிற்று. முதல் துளிகள் தகரக் கூரையில் விழுந்தபோது கதவு முனகியது. ஒரு சாண் எழுந்தது. சேறும் சருகுமாக அடியில் ஒரு கறுப்பு நீர் சீறிப் பாய்ந்தது. இன்னொரு சாண். தெருவின் தண்ணீர் எல்லாம் ஒருகணம் யோசித்துவிட்டு, வழி தெரிந்ததுபோல் திரும்பி ஆற்றை நோக்கி நடந்தது. தெருவில் கதவுகள் திறந்தன. யாரோ கைதட்டினார்கள், யாரோ "மெதுவா, மெதுவா" என்று கப்பியை ஏசினார்கள். மழை வலுத்தது. தண்ணீர் ஏறவில்லை.

செயலாளர் குடைக்குள் தலையை நுழைத்தார். "ஐயா, இத எந்த நோட்டுல முடிக்கறது? சிவப்புலயா, கறுப்புலயா?"

போதகர் யோசித்தார். ஜெபம் கேட்கப்பட்டதா? மனு கேட்கப்பட்டதா? தான் அவமானப்படும்வரை காத்திருந்து திறந்தது எந்தக் கை?

"தெரியலை" என்றார். "நீங்க வீட்டுக்குப் போங்க. நனையறீங்க."

ஆட்கள் கருவிகளைக் கட்டிக்கொண்டு போனபின், அவர் பம்ப் அறையின் கூரை இறவாரத்துக்கு அடியில் ஒதுங்கிக் கறுப்பு நோட்டைத் திறந்தார். ஒரு வேண்டுதல் நிறைவேறினால் அந்த வரியின்மேல் கோடிழுத்துத் தேதி போடுவது அவர் வழக்கம். பென்சிலை எடுத்தார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. செவ்வாய்க்கிழமை அந்த மனிதர் அழுதது மனைவிக்காக; கேட்டது மதகுக்காக. கேட்டதை ஜெபத்தில் எழுதிவிட்டார். அழுததையோ எந்த நோட்டிலும் எழுதவில்லை. மதகு அமைச்சரிடம் போகவில்லை என்பதை நேற்று அறிந்தார். கண்ணீர் ஆண்டவரிடம் போகவில்லை என்பதை இன்றுதான் அறிந்தார்.

கோடிழுக்கவில்லை. அடுத்த வரியில் புதிதாக எழுதினார்: 'தண்ணீரில் போனவள். அவளை நினைத்து அழுகிற கணவன்.' செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். ஈரக் கல்லில் மெல்ல முழங்காலிட்டார். முட்டி சொடக்கிட்டது. இம்முறை அவர் எதுவும் கேட்கவில்லை, உதடும் அசையவில்லை. மழையும் மதகும் பேசுவதைக் கேட்டபடி வெகுநேரம் இருந்தார். பின்பு அந்த வரியின் கீழே ஒரு புள்ளி வைத்தார்.

நிமிர்ந்தபோது ஆபரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வரியை அவர் வாசித்திருக்கவேண்டும். கண்ணைத் துடைக்கக் கை எழுந்து, மசகு பட்டிருப்பது நினைவுக்கு வந்து, பாதியில் நின்றது. அவர் தலையைத் தாழ்த்தினார்.

அங்கி அலமாரியில் இருந்தது. உரிமை உண்டா இல்லையா என்று போதகருக்கு நிச்சயமில்லை. ஆயினும் கைகள் எழுந்தன. அந்த நரைத்த ஈரத் தலையின்மேல் அமர்ந்தன.

"வந்த நீர் வழியறிந்து போகட்டும். போனவள் கரையேறி இளைப்பாறட்டும். இருக்கிறவர்களின் வாசற்படி உலர்ந்திருக்கட்டும். உன் கைக்கு எட்டியதை அவர் காக்கட்டும். எட்டாததை அவரே தம் கையில் எடுத்துக்கொள்ளட்டும். சமாதானமாய் இரு, மகனே."